துணி காயப்போடும் மாடிகள்

1. பொருள் எண் ஏழு

ஒரு திங்கட்கிழமை காலை, குப்பை அள்ள ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். இப்போது கொடுக்கிற பணத்துக்கு இனி பாதி ஆட்களைத்தான் அனுப்ப முடியும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரைப் போல முறையாகச் சொல்லி, எல்லோரையும் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நான் அப்போது அங்கே தலைமை எழுத்தர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேதான் குடியிருக்கிறேன். தோவாளைப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தோவாளைப் பக்கம் இல்லை.

செயல் அலுவலர் சேலத்துப் பெண். முப்பது வயது இருக்காது. இ.ஓ. மேடம் என்று கூப்பிடுவோம். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் ஊர்ப் பேச்சு பாட்டுப் போலக் கேட்கிறது என்பார். முழுதாகப் புரியாத வரை எல்லாப் பாட்டும் இனிமைதான்.

"சார், வருமானம் போதல. ரெண்டே வழி. சொத்து வரியைக் கூட்டணும். இல்லைன்னா துப்புரவு ஆட்களைப் பாதியாக்கி, வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வீட்டுக் குப்பை எடுக்கணும். கவுன்சில் முடிவு பண்ணட்டும். ரெண்டையும் அஜெண்டாவுல வைங்க" என்றார்.

வைத்தேன். அஜெண்டா எழுதுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. தபால் வழியில் எம்.ஏ. தமிழ் படித்தவன்; அந்தப் படிப்பை முழுவதும் பேரூராட்சிக்கே செலவழித்தேன். வரி உயர்வு என்று எழுத மாட்டேன்; 'வரி விகிதத்தைக் காலத்துக்கேற்பச் சீரமைத்தல்' என்பேன். ஆட்குறைப்பு என்று எழுத மாட்டேன். 'பணியாளர் எண்ணிக்கையை முறைப்படுத்துதல்' என்பேன். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று உறுத்தாமல் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் நல்ல அஜெண்டா.

இதைப் பொருள் எண் ஏழாக வைத்தேன். ஏழாவது பொருள் வருவதற்கும் டீயும் ரசவடையும் வருவதற்கும் சரியாக இருக்கும். வாயில் வடை இருப்பவர் ஆட்சேபணை தெரிவிப்பது கடினம். எங்கள் அலுவலகத்தில் நெடுங்காலமாகக் கைமாறி வந்த நிர்வாக முறை இது.

அன்று வடை தாமதமாகிவிட்டது.

தலைவர் சுயம்புலிங்கம், பஸ் ஸ்டாப் எதிரில் சிமென்ட், கம்பி, கூரை ஷீட் கடை வைத்திருப்பவர். அவர் முதலில் ஆரம்பித்தார். "வரியைக் கூட்டினா நாளைக்கு ஓட்டுக் கேட்டு ஒருத்தன் வாசல்லயும் ஏற முடியாது, பாத்துக்கிடும்."

"அப்பம் ஆளைக் குறைப்போம்" என்றார் ஜெயசிங். எதிரணிக் கவுன்சிலர், தலைவரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். "ஆனா எனக்க வார்டுல குறைக்கப்பிடாது. சர்ச் திருவிழா வருகு."

"எனக்க வார்டுல அம்மன் கோயில் கொடை வருகுல்லா" என்றார் இன்னொருவர்.

"எங்க பக்கம் ஒண்ணும் வரல்ல. ஆனா எப்பம் வேணும்னாலும் வரலாம்" என்றார் மூன்றாமவர்.

இப்படி வார்டுகள் ஒவ்வொன்றாக விலக்குப் பெற்றன. முடிவில், குறைப்பதற்கு மிஞ்சியது அலுவலக வளாகமும் ஒரு குளமும். குளத்தை முன்பே யாரும் சுத்தம் செய்வதில்லை.

"எந்த முடிவா இருந்தாலும் மொதல்ல மக்கள்கிட்ட கருத்துக் கேட்கணும்" என்றார் இ.ஓ. மேடம்.

தலைவர் முகம் தெளிந்தது. "அதாக்கும் சரி. ஜனங்க வரி வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. பொறவு ஆளைக் குறைச்சா பழி அவங்களுக்கு. எழுதும் வேய்."

'பொதுமக்களின் மேலான கருத்தை அறிந்து முடிவெடுப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். அப்போது வடை வந்தது.

2. எந்தப் பாதி

எங்கள் தெருவில் குப்பை எடுக்க வருபவர் ரெத்தினபாய். பேட்டரி வண்டியை முக்கில் நிறுத்தி விசில் அடிப்பார். ஒப்பந்தத் தொழிலாளி. கணவர் கேரளத்தில் கொத்து வேலை. பெரிய பண்டிகைகளுக்கு வருவார். மகள் தக்கலைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ரெத்தினபாய் விசில் அடிக்கவில்லை. நேராக வாசலுக்கு வந்துவிட்டார்.

"சாரே, பாதி ஆளை நிறுத்துகாங்களாமே. எந்தப் பாதி?"

"இன்னும் முடிவாகல்ல. பரிசீலனையில இருக்கு."

"பரிசீலனையில இருக்குன்னா போச்சுன்னுதானே அர்த்தம்?"

அந்தச் சொல்லை நான் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு இவ்வளவு சரியான பொருளை எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

"கடைசியா சேந்தவங்களத்தான் மொதல்ல நிறுத்துவாங்கன்னு மேஸ்திரி சொல்லுகாரு. கடைசியா சேந்தது நானாக்கும். பிள்ளைக்குப் படிப்பு முடியல்ல. நடுவுல நின்னா கெட்டின பீசும் போச்சு, படிச்ச படிப்பும் போச்சு."

"ஜனங்ககிட்ட கருத்துக் கேக்கப் போறோம். அதுல என்ன வருதுன்னு..."

"ஜனங்க என்ன சொல்லுவாங்க? வரியைக் கூட்டுன்னா சொல்லுவாங்க? நீங்க சொல்லுவியளா?"

நானும் வரி கட்டுகிறவன். கொஞ்சம் யோசித்தேன். நான் யோசித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"கண்டியளா" என்றார். பிறகு என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "சுகர் உள்ள வீட்டுல மைசூர்பாகு டப்பா கெடக்கு. அக்காவுக்குத் தெரியுமா?"

தாளில் சுற்றித்தான் போட்டிருந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டத்துக்கு வரி கட்டுகிற யாரும் வரலாம், பேசலாம் என்ற விவரத்தைச் சொன்னேன்.

"நானும் கெட்டுகேனே. ஓட்டு வீடுதான். கம்ப்யூட்டர் ரசீது இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் போய் விசில் அடித்தார்.

3. துணிக்கு வேர்க்குமா

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவை.

எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். துணி காயாது. அதனால் மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் நிறுத்தி மேலே ஷீட் போடுவோம். ட்ரஸ் ஒர்க் என்று பெயர். அது துணி காயப்போட உள்ள இடம், ஆகவே வரி கிடையாது. சட்டத்தில் அப்படி இல்லை, ஊரில் உண்டு. அடுத்த மழைக்குச் சாரல் அடிக்கிறது என்று பக்கச் சுவர் எழும்பும். சுவர் வந்தால் ஜன்னல் வேண்டும். ஜன்னல் வந்தபின் மின்விசிறி. பிறகு தரைக்கு டைல்ஸ். கல்ஃபிலிருந்து மகன் லீவில் வரும்போது ஏசி. பேரூராட்சியைப் பொறுத்தவரை அப்போதும் அங்கே துணிதான் காய்ந்துகொண்டிருக்கும்.

என் வீட்டிலும் உண்டு. அதில் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். துணி காயப்போட இடமில்லாமல் என் மனைவி வீட்டு முன்னால் கொடி கட்டியிருக்கிறாள்.

இனி கூட்டத்துக்கு வருவோம். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்திருந்தோம். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். சமுதாய நலக்கூடம் நிரம்பிவிட்டது. வரி வேண்டாம் என்று நான்கு பேர் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும், கலைய வேண்டும். தலைவரின் திட்டம் அவ்வளவுதான்.

முதலில் நீலகண்டபிள்ளை எழுந்தார். கொஞ்சம் வயலும் வங்கி ஓய்வூதியமும் உள்ளவர்.

"வரி கூட்டப்பிடாது. இது எனக்க ஆட்சேபணை. எழுதியாச்சா?"

"ஆச்சு."

"இனி அடுத்தது. இப்பம் உள்ள வரியை எல்லார்ட்டயும் ஒழுங்கா வாங்குகியளா? எனக்க வடக்கு வீட்டு டேவிட்சன் மேல ரெண்டு ரூம் எடுத்து வாடகைக்கு விட்டிருக்கான். வரி கீழ் வீட்டுக்கு மட்டும். இதையும் எழுதும்."

டேவிட்சன் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மஸ்கட்டில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர். "அது துணி காயப்போட உள்ளதாக்கும், பிள்ளைவாள்" என்றார்.

"துணி காயுக எடத்துல என்னத்துக்கு மக்கா ஏசி? துணிக்கு வேர்க்குமா?"

கூடம் சிரித்தது. டேவிட்சன் எழுந்துவிட்டார்.

"அப்பம் நானும் சொல்லுகேன். எழுதுங்க சார். பிள்ளைவாள் வீட்டு மேல்மாடியில டியூஷன் சென்டர் நடக்கு. பெஞ்சு, டெஸ்க்கு எல்லாம் உண்டு."

"எனக்க மருமவ சும்மா சொல்லிக்குடுக்கா. புண்ணியத்துக்கு."

"புண்ணியமா? மாசம் பொறந்தா பீஸ் கெட்டுகது நானில்லா?"

அதன்பின் நடந்ததை வரிசையாகச் சொல்வது கடினம். பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து இன்னொருவர் பெயரைச் சொன்னார். அவர் எழுந்து மூன்றாமவரைச் சொன்னார். ஒருவர் மாடியில் தையல் கடை, ஒருவர் மாடியில் ஜிம். ஒருவர் மாடியில் கோழிப்பண்ணை இருப்பதாகச் சொல்லப்பட்டபோது, அவர் அது மாடியில் இல்லை, அதற்கும் மேலே என்று திருத்தம் கொடுத்தார். வரி உயர்வைப் பற்றி அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. கருத்துக் கேட்பில் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன். நான் எழுத எழுத, எழுதும் எழுதும் என்று உற்சாகம் கூடியது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எழுதுகாரே, அவரு வீட்டு மேலயும் ஷீட்டு கெடக்கு. அதையும் எழுதச் சொல்லுங்க."

அதையும் எழுதினேன். என் பெயர் எப்போதும் போல அழகாகவே வந்தது.

"இந்த ஷீட்டு எல்லாம் எங்க வாங்கினதுன்னு தலைவர்ட்ட கேளுங்க" என்றது இன்னொரு குரல். தலைவர் மின்விசிறியைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார்.

இ.ஓ. மேடம் இவ்வளவு நேரமும் கால்குலேட்டரில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். இப்போது எழுந்தார்.

"ரொம்ப நன்றி. நீங்க சொன்னதெல்லாம் சரியா இருந்தா, வரியைக் கூட்டவும் வேண்டாம், ஆளைக் குறைக்கவும் வேண்டாம். எல்லா மாடியையும் அளந்து வரி போட்டாலே போதும். நாளைக்கே பில் கலெக்டர் டேப்போட வருவார்."

நாங்கள் போட்டது வெறும் சண்டை. அவர் அதைத் தகவல் என்று எடுத்துக்கொண்டார். சேலத்துக்காரர்.

முதலில் சுதாரித்தவர் டேவிட்சன்தான். "பில் கலெக்டர் ஒத்தைக்கு எப்படி மேடம் அளப்பாரு? டேப்புக்கு அந்தத் தலையைப் பிடிக்க ஆளு வேண்டாமா?"

கடைசி வரிசையில் ரெத்தினபாய் எழுந்தார்.

"நான் பிடிக்கேன். எப்படியும் எல்லா வீட்டு வாசலுக்கும் போறவதானே."

4. ஏகமனதாக

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே அவசரக் கூட்டம் என்று போன் வந்தது. நான் போனபோது கவுன்சிலர்கள் எல்லோரும் இருந்தார்கள். பதவியேற்ற நாளுக்குப் பிறகு முகம் காட்டாத இருவரும் இருந்தார்கள். வடையும் வந்திருந்தது.

வராந்தாவில் பில் கலெக்டர் முருகன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் ரெத்தினபாய். அளவெடுப்பது என்றால் ஒன்றாம் வார்டு, முதல் வீட்டிலிருந்து தொடங்குவது வழக்கம். ஒன்றாம் வார்டில் முதல் வீடு தலைவருடையது. ஊரிலேயே அதிகம் துணி காயும் வீடு அது.

"வேய், எவ்வளவு வரி கூட்டினா எல்லா ஆளும் வேலையில நிக்கலாம்?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

சொன்னேன்.

"கூட்டும்."

"வெரசா போடுங்க. வெளிய அவன் டேப்போட நிக்கான்" என்றார் ஜெயசிங். தலைவர் சொன்ன ஒன்றை அவர் ஆதரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வரியைக் கூட்டினா வாசல்ல ஏற முடியாதுன்னு சொன்னியளே?" என்று கேட்டேன்.

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வரி கூட்டினா எல்லாவனும் சேந்து என்னைத் திட்டுவான். நாலு நாள்ல மறந்துருவான். மாடியை அளந்தா ஒவ்வொருத்தனும் தனியா இருந்து திட்டுவான். அது சாகுகது வரைக்கும் ஓர்மையில இருக்கும்."

நிர்வாகவியல் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

இ.ஓ. மேடம் மட்டும் ஒப்பவில்லை. "மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரங்களும் இதுல கூடுதலா கட்டணும் சார். மாடி கட்டினவங்க கட்ட வேண்டிய பணத்தை இவங்க கட்டப் போறாங்க."

ஜெயசிங், "அவங்க தெருவும் சுத்தமா கெடக்கும்லா மேடம்" என்றார். அவர் கூட்டாளிகளே சிரிக்கவில்லை.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெரிவித்த ஆலோசனைகளைக் கவனமாகப் பரிசீலித்து, வரி விகிதத்தைச் சீரமைப்பது. துப்புரவுப் பணியாளர் அனைவரும் தொடர்வது. கட்டட அளவீட்டைப் படிப்படியாக மேற்கொள்வது. முதல் படி எது, எப்போது என்பதற்கு இடம் விடவில்லை. ஏகமனதாக நிறைவேறியது. தன் மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும் என்றார் இ.ஓ. மேடம். அதை மட்டும் சீரமைக்காமல், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன்.

வெளியே வந்து, "எல்லாரும் தொடரலாம்" என்று ரெத்தினபாயிடம் சொன்னேன். அவர் முருகன் கையிலிருந்த டேப்பின் நுனியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு, வராந்தாப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வண்டியை எடுக்கப் போனார்.

5. முதல் படி

சில நாட்களில் இ.ஓ. மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசையில் தீர்மான நகல் இருந்தது.

"படிப்படியானு நல்லா எழுதியிருக்கீங்க சார். முதல் படி நம்ம ஆபீஸ்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். நீங்கதான் சீனியர்."

அந்தத் தீர்மானத்தின்படி இன்றுவரை அளக்கப்பட்ட ஒரே மாடி என்னுடையது. அடுத்த படி வருவதற்குள் மேடத்துக்கு மாற்றல் வந்துவிட்டது.

அளக்க முருகனும், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ரெத்தினபாயும் வந்தார்கள். முருகன் எனக்குக் கீழே வேலை பார்ப்பவன், தயங்கினான். "சார், அந்த அலமாரி மூலையை விட்டுரட்டா?"

"விடாதீங்க அண்ணாச்சி. டேப்பு நல்லா எட்டுகு" என்றார் ரெத்தினபாய்.

அளந்து முடித்து முருகன் கீழே போனான். ரெத்தினபாய் டேப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "சாரே, எனக்க ஓட்டு வீட்டுக்கும் கூடியிருக்கே."

"எல்லாருக்கும் கூடியிருக்கு."

"அந்தப் பைசாதானே சுத்தி எனக்க சம்பளத்துக்கு வருகு?"

"ஒரு பங்கு வரும்."

"அப்பம் எனக்குச் சம்பளம் குடுக்க மொதலாளிமாருல நானும் ஒருத்தி."

கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். சட்டப்படியும் நியாயப்படியும் மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஆமாம் என்றேன்.

"சரி. நாளைக்கு எனக்கு லீவு. பிள்ளைக்குப் பரீச்சை பீஸ் கெட்டப் போணும். மொதலாளிட்ட சொல்லியாச்சு" என்று படியிறங்கினார்.

புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கவுன்சில் முன்னால் இரண்டு வழிகளை மட்டும் வைக்காதீர்கள்; எந்த வழியிலும் போகாமல் வடை தின்பார்கள். மூன்றாவதாக ஒரு வழியையும் வையுங்கள். அது அவரவர் வீட்டு மாடிப்படி வழியாகப் போக வேண்டும். உடனே முதல் இரண்டில் ஒன்றை ஓடி வந்து பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் பிடிப்பது நியாயமானதாக இருக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை. நான் எழுதிய தீர்மானங்களிலேயே ஆள் ஒருவருக்கு நல்லது செய்தது இது ஒன்றுதான். அவரையும் அதற்குப் பணம் கட்ட வைத்துத்தான் செய்தது.

மறுநாள் எங்கள் தெருவில் விசில் கேட்கவில்லை. ஒன்பது மணிக்கு ஜெயசிங் போன் செய்தார். அவர் வீடும் எங்கள் தெருவில்தான்.

"வேய், குப்பை எடுக்க வரல்லியே. அவளுக்கு யாரு லீவு குடுத்தது?"

"உரிய அதிகாரம் உள்ளவங்கதான்" என்றேன்.